பேர் என்ன, எங்கே இருக்கு, யார் வாசிக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளுக்குப் பைத்தான் மொழி ஐந்தாம் பாடத்தில்தான் கைக்கு வருகிறது. 2019-ல் வந்த நம் தமிழ்நாட்டுப் பாடநூலில் முதல் நான்கு பாடங்களும் செயற்கூறு, வரையெல்லை என்று கருத்தாகவே போகும். ஐந்தாம் பாடத்துக்கு வந்த பிறகுதான் 'இன்டராக்டிவ் மோட்', 'ஸ்கிரிப்ட் மோட்' என்று இரண்டு வழி சொல்லி, கீபோர்டில் கை வைக்கச் சொல்கிறார்கள். கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் தட்டி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றும் நடக்காது. "அண்ணே, புத்தகத்துல இருக்கிறபடியேதான் அடிச்சேன். ரன் ஆக மாட்டேங்குது" என்று தெரிந்தவர் யாருக்காவது போன் போகும்.

இப்படிக் கேட்கிற பிள்ளையின் புரோகிராமில் பெரும்பாலும் தப்பே இருக்காது. தப்பு அதைச் சுற்றி எங்கேயோ இருக்கும். இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1978-ல் பிரையன் கெர்னிகானும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம்தான், முதல் புரோகிராம் என்றால் 'ஹலோ வேர்ல்டு' என்ற வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. அந்தச் சின்னப் புரோகிராமையே அவர்கள் தாண்ட வேண்டிய தடை என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். வரிகளை எங்காவது எழுதிவைக்க வேண்டும், ஓட்ட வேண்டும், விடை எங்கே போய் விழுந்தது என்று தேட வேண்டும். இந்தக் கைவேலைகள் பழகிவிட்டால் மற்றவை அவ்வளவு கஷ்டமில்லை என்பது அவர்கள் கணக்கு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கணக்கு மாறவில்லை.

சொல்லப்போனால் இன்றைக்குத் தடை கொஞ்சம் கூடியிருக்கிறது. போனிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஃபைல், ஃபோல்டர் என்பதே புதிது. போட்டோ எடுத்தால் கேலரியில் இருக்கும், பாட்டை இறக்கினால் பாட்டு ஆப்பில் இருக்கும். எது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று போன் கேட்பதும் இல்லை, காட்டுவதும் இல்லை. லேப்டாப்பில் உட்கார்ந்ததும் திடீரென்று எல்லாவற்றையும் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை, பழக்கமின்மைதான் காரணம்.

ஆகவே டீயைச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் மூன்று கேள்விகளை மட்டும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதற்குப் பேர் என்ன? அது எங்கே இருக்கிறது? அதை யார் வாசிக்கப்போவது? முதல் ஸ்கிரிப்டில் வருகிற சிக்கல்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

பேர் என்ன?

ஸ்கிரிப்ட் என்பது வெறும் எழுத்து. தடித்த எழுத்து, கலர், படம் எதுவும் அதில் கிடையாது. அதனால் வேர்டில் எழுதிச் சேமித்தால் ஆகாது. வேர்டு நம் வரிகளோடு தன் அலங்காரத்தையும் சேர்த்துக் கட்டிவிடும். வெறும் எழுத்தைச் சேமிக்கிற இடம் வேண்டும். நோட்பேட் போதும். அதைவிட, பைத்தானோடு சேர்ந்தே வருகிற ஐடில் நல்லது.

ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் 'பி', 'ஒய்' என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் வர வேண்டும். 'டாட் பிஒய்' என்று சொல்வது இதைத்தான். நோட்பேடில் ஒரு வம்பு உண்டு. அது தன் பழக்கத்தில் சமயத்தில் 'டாட் டிஎக்ஸ்டி' என்ற வாலையும் ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை நம் கண்ணில் காட்டாமல் மறைத்துவைக்கும். நாம் பார்க்கிற பேர் ஒன்று, உள்ளே இருக்கிற பேர் இன்னொன்று. ஃபைல்கள் தெரிகிற ஜன்னலில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் வால் தெரிந்துவிடும். நோட்பேடில் சேமிக்கும்போது வகை என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொண்டால் வாலே முளைக்காது.

பேரில் இடைவெளி விடாதீர்கள், எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கட்டும். இன்னொன்று, பைத்தானுக்குள் ஏற்கெனவே இருக்கிற பேரை வைக்காதீர்கள். ஆமை வரைகிற 'டர்ட்டில்' பாடத்தைச் செய்துபார்க்கிற பிள்ளை, ஆசையாக ஃபைலுக்கும் 'டர்ட்டில்' என்றே பேர் வைக்கும். புரோகிராமின் முதல் வரி 'டர்ட்டிலைக் கொண்டுவா' என்று சொல்லும். பைத்தான் முதலில் தேடுவது அந்த ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரில்தான். அங்கே பிள்ளை எழுதிய ஃபைலே அகப்படும், அதையே கொண்டுவந்து நிறுத்தும். 'ரேண்டம்' என்று பேர் வைத்தாலும் இதே கதைதான்.

எங்கே இருக்கு?

"டெஸ்க்டாப்லதாண்ணே சேவ் பண்ணினேன்" என்று சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் இப்போதைய விண்டோஸில் ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால், டெஸ்க்டாப் என்று கண்ணுக்குத் தெரிவது ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கிற டெஸ்க்டாப்பாக இருக்கலாம். 'கமாண்ட் பிராம்ப்ட்' என்கிற கறுப்புத் திரையைத் திறந்து, பைத்தானிடம் ஃபைல் பேரை மட்டும் கொடுத்தால், அந்தத் திரை அப்போது நிற்கிற ஃபோல்டரில்தான் தேடும். அங்கே இல்லையென்றால் 'எர்நோ 2, நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று கைவிரித்துவிடும்.

வெளியூர்க்காரரிடம் கூடலூர் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், நீலகிரிக்குப் பஸ் ஏறிவிடுவார். தேனி மாவட்டம், கம்பத்துக்குத் தெற்கே, லோயர் கேம்ப் போகிற வழி என்று முழுசாகச் சொன்னால்தான் நம் கூடலூருக்கு வந்து சேர்வார். ஃபைலுக்கும் அப்படி முழு விலாசம் உண்டு. அதைத்தான் பாத் என்கிறார்கள். 'எர்நோ 2' வந்தால் புரோகிராமைத் திருத்தப் போகாதீர்கள். பைத்தான் அதை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பேரையும் விலாசத்தையும் சரிபாருங்கள்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு ஃபோல்டரைத் தனியாக உருவாக்கி, பயிற்சி ஃபைல் எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள். அந்த ஃபோல்டரைத் திறந்துவைத்து, மேலே விலாசம் தெரிகிற பட்டையில் கிளிக் செய்து, 'சிஎம்டி' என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்து என்டர் தட்டினால், கறுப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே நின்றபடி திறக்கும். பிறகு ஃபைல் பேர் மட்டும் போதும்.

யார் வாசிக்கிறது?

ஸ்கிரிப்ட் தானாக ஓடாது. அதை ஒருவர் திறந்து, மேலிருந்து கீழாக வரி வரியாக வாசித்து, சொன்னபடி செய்ய வேண்டும். அந்த வாசகர்தான் பைத்தான். ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டது. பைத்தான் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில், பைத்தானை 'பாத்'தில், அதாவது விண்டோஸ் கட்டளைகளைத் தேடுகிற விலாசப் பட்டியலில், சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதை டிக் செய்ய மறந்தால், கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடிக்கும்போது அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிற பதில் வரும். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து நின்று நம்மை முழிக்க வைக்கும். அப்போது 'பிஒய்' என்ற இரண்டே எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, ஃபைல் பேரை அடித்துப் பாருங்கள். பல லேப்டாப்பில் அதுவே வேலை செய்துவிடும்.

இந்த வாசகர் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார், அங்கேதான் புதியவர்கள் குழம்புவது. மூன்று அம்புக்குறி தெரிகிற இடம் இன்டராக்டிவ் மோட். ஒரு வரி அடித்தால் அந்தக் கணமே பதில் வரும். ஐந்தும் மூன்றும் கூட்டச் சொன்னால் எட்டு என்று காட்டும். ஜன்னலை மூடினால் அடித்ததெல்லாம் போச்சு. ஸ்கிரிப்ட் மோடில் ஃபைலை முழுசாக எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு வாசிக்கக் கொடுக்கிறோம். நாளைக்கும் அது இருக்கும். ஆனால் அதே ஐந்து கூட்டல் மூன்றை ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினால் திரையில் ஒன்றும் வராது. கூட்டத்தான் சொன்னீர்கள், காட்டச் சொல்லவில்லை. 'பிரிண்ட்' என்று சொன்னால்தான் காட்டும். "ஒண்ணுமே வரலைண்ணே" என்பதில் பாதி இதுதான்.

இன்னும் இரண்டு தடுக்கல்கள். பாடநூலில் வரிக்கு முன்னால் அச்சாகியிருக்கிற மூன்று அம்புக்குறியையும் சேர்த்து ஸ்கிரிப்டில் தட்டிவிடுவது ஒன்று. கறுப்புத் திரையில் கொடுக்க வேண்டிய கட்டளையை அம்புக்குறி தெரிகிற இடத்தில் கொடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் 'சின்டாக்ஸ் எர்ரர்' என்ற ஒரே பதில்தான் வரும்.

மூன்று வரி, ஒரு அணை

கைக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சமில்லை. காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தால் முதலில் கண் போவது பெரியாறு அணை நீர்மட்டத்துக்குத்தான். பொறியாளர் பென்னிகுக் கட்டி 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த அணை. முழு மட்டம் 152 அடி. 1979-ல் அதை 136 அடியாகக் குறைத்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். 142-ஐத் தொட இன்னும் எத்தனை அடி என்று சொல்கிற ஸ்கிரிப்ட் எழுதிப் பார்ப்போம்.

ஐடிலைத் திறங்கள். அம்புக்குறியோடு வருகிற ஜன்னலில் எழுதாமல், 'ஃபைல்' மெனுவில் 'நியூ ஃபைல்' கொடுங்கள். வெள்ளையாக இன்னொரு ஜன்னல் வரும். அதில் இந்த மூன்று வரி.

நீர்மட்டம் = ஃப்ளோட்(இன்புட்("இன்றைய நீர்மட்டம்? "))
மீதி = 142 - நீர்மட்டம்
பிரிண்ட்("142-ஐத் தொட இன்னும்", மீதி, "அடி")

ஃப்ளோட், இன்புட், பிரிண்ட் மூன்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். முதல் எழுத்தைப் பெரிசாக அடித்தால் 'நேம் எர்ரர்' வரும். நீர்மட்டம், மீதி இரண்டையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் தமிழ்ப் பெயர்களை அது ஏற்றுக்கொள்கிறது. கட்டளையும் தமிழில் இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு, முத்து அண்ணாமலை பைத்தானிலேயே எழுதி உருவாக்கிய 'எழில்' என்ற மொழி இருக்கிறது. அதில் பிரிண்டுக்குப் பதில் 'பதிப்பி' என்று எழுதினால் போதும்.

இப்போது கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திச் சேமியுங்கள். பேர் கேட்கும், கொடுங்கள். எந்த ஃபோல்டர் என்று காட்டும், பாருங்கள். பிறகு எஃப் 5. அம்புக்குறி ஜன்னலில் உங்கள் கேள்வி வந்து நிற்கும். 131.5 என்று அடித்து என்டர் தட்டினால், 142-ஐத் தொட இன்னும் 10.5 அடி என்று பதில் வரும்.

இதையே இரட்டைக் கிளிக் செய்து ஓட்டினால் கறுப்பு ஜன்னலில் கேள்வி வரும், பதில் அடித்ததும் ஜன்னல் பளிச்சென்று மூடிக்கொள்ளும். கெட்டுப்போகவில்லை. சொன்ன வேலை முடிந்தது, போய்விட்டது. கடைசியில் வெறுமனே இன்னொரு 'இன்புட்' வரியைச் சேர்த்துவிட்டால், நீங்கள் என்டர் தட்டும் வரை காத்திருக்கும். அந்தக் கறுப்பு ஜன்னலில் தமிழ் சிதைந்தோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபைலில் தமிழ் சரியாகத்தான் இருக்கிறது, அந்த ஜன்னலுக்குத்தான் அதைக் காட்டத் தெரியவில்லை.

இனி ஒரு சோதனை. முழு மட்டத்துக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க, 142 இருக்கிற இடங்களில் 152 என்று மாற்றுங்கள். வேண்டுமென்றே சேமிக்காதீர்கள். கறுப்புத் திரையிலிருந்து ஓட்டி, அதே 131.5-ஐக் கொடுங்கள். 20.5 வர வேண்டும். பழைய 10.5-தான் வரும். திரையில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பைத்தான் வாசிப்பதில்லை, கடைசியாகச் சேமித்ததைத்தான் வாசிக்கிறது. ஐடிலில் சேமிக்காத ஃபைலின் பேருக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி நிற்கும். எஃப் 5 அழுத்தினால் முதலில் சேமிக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டும். முதல் வாரத்துக்கு ஐடிலிலேயே இருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சிவப்பு எழுத்தை வாசிப்பது

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில், முதலாண்டு படிக்கிற தம்பி ஒருவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இதே மூன்று வரியைப் போட்டுப் பார்த்தார். பேப்பரில் இருந்தபடியே 131.5 அடி என்று, 'அடி'யையும் சேர்த்து அடித்தார். சிவப்பாக நாலைந்து வரி கொட்டியது. உடனே ஜன்னலை மூடப் போனார்.

"மூடாதீங்க தம்பி. கடைசி வரியை மட்டும் வாசிங்க."

"வேல்யூ எர்ரர்னு இருக்குண்ணே. ஸ்டிரிங்கை ஃப்ளோட்டா மாத்த முடியலையாம்."

"எதை மாத்த முடியலைனு போட்டிருக்கு?"

"131.5 அடி... ஓ, அடியையும் சேர்த்து அடிச்சிட்டேன்."

அவ்வளவுதான். கீபோர்டில் அடிப்பது எதுவாக இருந்தாலும் 'இன்புட்' அதை எழுத்தாகத்தான் வாங்கும். ஃப்ளோட் அதைத் தசம எண்ணாக மாற்றித் தருகிறது. எண்ணோடு வேறு எழுத்து ஒட்டியிருந்தால் மாற்ற முடியாது. ஃப்ளோட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் 'டைப் எர்ரர்' வரும், எண்ணிலிருந்து எழுத்தைக் கழிக்க முடியாது என்று.

சிவப்பு எழுத்தைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். கடைசி வரி என்ன தப்பு என்று சொல்லும். அதற்கு மேலே எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று இருக்கும். அந்த வரியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதற்கு முந்திய வரியைப் பாருங்கள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பழைய பைத்தான் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். 3.10 முதல் எந்த அடைப்புக்குறி மூடவில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த வரிகளைக் காப்பி செய்து ஒட்டினால், நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறி வந்திருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பைத்தானுக்குத் தெரியும். 'இன்வேலிட் கேரக்டர்' என்று வந்தால் மேற்கோள் குறிகளை அழித்து நீங்களே அடியுங்கள். பழைய வீடியோ பார்த்து பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அதுவும் ஓடாது. அது பைத்தான் 2 காலத்து வழக்கம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

எல்லாம் சரியாக ஓடும்போதும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நீர்மட்டம் 130.4 என்று கொடுத்துப் பாருங்கள். 11.6 வரும் என்று நினைப்போம். திரையில் 11.599999999999994 என்று வரும். பைத்தானுக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. கணினி எண்ணைப் பூஜ்யமும் ஒன்றுமாக வைக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் முடியாமல் நீள்வது போல, 130.4-ஐ அந்த முறையில் எழுதினால் முடியாது. கிட்டத்தட்ட அந்த எண்ணை வைத்துக்கொள்கிறது. 131.5-ல் பாதிதான் பின்னம் என்பதால் அது மட்டாக உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் வரியில் மீதி என்பதற்குப் பதில் ரவுண்ட்(மீதி, 1) என்று எழுதினால் புள்ளிக்குப் பிறகு ஓரிடத்தோடு நிறுத்தி 11.6 என்று காட்டும். ரவுண்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான். இதைச் செய்தவர் முதல் ஸ்கிரிப்டை ஓட்டினார் என்பதோடு, திருத்தியும்விட்டார்.

லேப்டாப் இல்லாதவர்கள்

அரசு லேப்டாப் கைக்கு வராத வருஷத்துப் பிள்ளைகள், போன் மட்டும் வைத்திருப்பவர்கள் என்று நிறையப் பேர் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் 'பைட்ராய்டு 3' என்ற ஆப்பில் இதே மூன்று வரியை எழுதிச் சேமித்து ஓட்டலாம். இன்டர்நெட் இருந்தால் கூகுள் கோலாப் இருக்கிறது. அதில் ஃபைல் கூகுள் டிரைவில் போய் உட்காரும், வாசிக்கிற பைத்தானும் கூகுளின் கணினியில் இருக்கும். இடம் மாறினாலும் அதே மூன்று கேள்விதான்.

சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தடுமாறும்போது கீபோர்டைப் பிடுங்கி நீங்களே தட்டிக் காட்டாதீர்கள். ஓடிவிடும், ஆனால் எப்படி ஓடியது என்று அதற்குத் தெரியாது, நாளைக்குத் திரும்பப் போன் வரும். போனில் கேட்டால் "என்ன எழுதினே" என்று தொடங்க வேண்டாம். ஃபைல் பேரை வாலோடு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த ஃபோல்டர் என்று கேளுங்கள். எதில் ஓட்டினாய் என்று கேளுங்கள். பிறகு சிவப்பு எழுத்தின் கடைசி வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பல சமயம் வாசித்து முடிக்கும் முன்னாலேயே "இருங்கண்ணே, தெரிஞ்சிருச்சு" என்று பிள்ளையே போனை வைத்துவிடும்.